கிளைரிசிடியா தழையை ஆடு தின்ன மறுக்கிறதா?

கேள்வி: வேலியோரம் நட்ட கிளைரிசிடியா மரம் நன்றாகத் தழைத்து நிற்கிறது. கொட்டிலில் 12 வெள்ளாடுகள். அகத்தியும் வேம்பும் தின்று பழகியவை. இந்தத் தழையைப் போட்டால் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிவிடுகின்றன. ஒரு நாள் பட்டினி போட்டால் தின்னுமா?

பதில்: பட்டினி வேண்டவே வேண்டாம். சினை முற்றிய ஆடு ஒரு நாள் வயிறு காய்ந்தாலே உடம்புக் கொழுப்பு வேகமாகக் கரைந்து ரத்தத்தில் கீட்டோன் என்ற, கொழுப்பு கரைவதால் உண்டாகும் பொருள் அளவு மீறி ஏறும். தாய், குட்டி இரண்டையும் இழக்க நேரலாம். மற்ற ஆடுகளும் பசி வெறியில் புதுத் தழையை அள்ளித் தின்றால் உப்புசம், கழிச்சல் என்று வந்து நிற்கும்.

உங்கள் ஆடுகளுக்குப் பிடிக்காதது பச்சைத் தழையின் வாசனைதான். அதனால் வாட வைத்துக் கொடுங்கள். மாலையில் வெட்டி, கொட்டில் நிழலில் நாலு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பிவிட்டு, மறுநாள் காலையில் போடுங்கள். குவித்து வைத்தால் சூடேறிப் பூசணம் பிடிக்கும். இலையில் உள்ள கூமரின் என்ற வாசனைப் பொருள், பூசணத்தால் ரத்தம் உறையவிடாத பொருளாக மாறக்கூடும். பூசண வாடை வந்த தழை எருக்குழிக்குத்தான்.

முதல் மூன்று நாள் ஆட்டுக்கு 100 கிராம் போதும். அகத்தியோடு கலந்து கட்டி, ஆட்டின் முகம் எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள். ஆடு தலை நிமிர்த்திக் கொறிக்கிற பிராணி. தரையில் போட்டு மூத்திரமும் புழுக்கையும் பட்ட தழையை, எத்தனை பிடித்ததாக இருந்தாலும் தொடாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் உப்போ 50 கிராம் வெல்லமோ கரைத்து லேசாகத் தெளித்தால் சீக்கிரம் வாய் வைக்கும். காலையில் மேய்ச்சலுக்கு விடும் முன், அடர்தீவனம் வைக்கும் முன் கட்டுவது நல்லது. மீந்ததை அன்றே எடுத்துவிட வேண்டும்.

அதன்பின் மூன்று நாளுக்கு ஒருமுறை 100 கிராம் கூட்டி, அகத்தியைக் குறைத்து வாருங்கள். இந்தப் படிதான் பலருக்கும் தவறுகிறது. ஆடு ருசி கண்டதும் மறுநாளே கூடை கூடையாகப் போடுகிறார்கள். வாய் பழகினால் மட்டும் போதாது; இரைப்பையில் தீவனத்தைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மாறி அமைய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். புழுக்கை இளகினால் கூட்டுவதை நிறுத்தி, முந்தைய அளவிலேயே நாலு நாள் வையுங்கள்.

25 கிலோ ஆடு நாளுக்கு 3 முதல் 4 கிலோ பசுந்தழை தின்னும். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் ஒரு கிலோதான் கிளைரிசிடியாவுக்கு உச்சவரம்பு. உலர் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் உள்ள தழை இது. இந்த அளவே நல்ல பலன் தரும். மீதிக்குச் சோளத்தட்டு, புல் கொடுங்கள்.

அக்கம்பக்கத்தில் இதைத் தின்று பழகிய ஆடு ஒன்று கிடைத்தால், நோய் இல்லையென்று உறுதி செய்துகொண்டு பட்டியில் சேர்த்துக் கட்டுங்கள். அது தின்பதைப் பார்த்தே மற்றவையும் இழுக்கும். குட்டிகள் தாயைப் பார்த்துப் பழகிக்கொள்ளும், அவற்றுக்குத் தனிப் பாடு தேவையில்லை.

கோழி, முயல், குதிரைக்கு இந்தத் தழையைக் கொடுக்காதீர்கள். அசைபோடாத பிராணிகளுக்கு இது நஞ்சு. தை, மாசியில் மரம் பூத்து இலை உதிர்க்கும். கோடையிலும் தழை வேண்டுமென்றால் பூக்க விடாமல், இடுப்புயரத்தில் முன்கூட்டியே கவாத்து செய்துவிடுங்கள்.