கொழிஞ்சாம்பாறை வெயிலுக்கும் ஆடிக் காற்றுக்கும் அடினியம் தாங்குமா?

கேள்வி: கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, கேரளப் பக்கம் (பாலக்காடு மாவட்டம்) புது வீடு கட்டி வந்திருக்கிறோம். மொட்டை மாடியில் மார்ச், ஏப்ரலில் கால் வைக்க முடியவில்லை. ஆடியில் காற்று. தண்ணீர் அதிகம் கேட்காத, நன்றாகப் பூக்கிற செடி வேண்டும். போன வருடம் வைத்த அடினியம் மழைக்காலத்தில் அழுகிவிட்டது. மறுபடியும் முயலலாமா?

பதில்:

தாராளமாக முயலலாம். நம் பகுதியில் வெயில் தாங்காமல் செத்த அடினியத்தை நான் பார்த்ததில்லை. ஜூன், ஜூலை மாதத்து நசநசப்பும் தொட்டிக்குள் இருக்கிற மண்ணும் சேர்ந்துதான் அதைக் கொல்கின்றன. உங்கள் செடிக்கும் அதுதான் நடந்திருக்கும்.

நானும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம்தான். மாடியில் பாதி இடத்தை அடினியம் பிடித்துக்கொண்டது, துணி காயப்போட இடமில்லை என்று வீட்டில் எப்போதும் புகார். யூடியூபில் சென்னைக்காரர்களும் திருச்சூர்க்காரர்களும் சொல்கிற வளர்ப்பு முறை நமக்கு அப்படியே ஒத்துவராது. அதனால் நம் ஊருக்கு எது பொருந்துகிறதோ அதை மட்டும் எழுதுகிறேன்.

மண்ணிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் முக்கால்வாசி விஷயம் அங்கேயே முடிந்துவிடும். கேரளத்தில் கரிசல் மண் இருப்பது நம் சித்தூர் தாலுகாவில் மட்டும்தான் (ஆந்திராச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்). கடலைக்கும் பருத்திக்கும் பேர்போன மண். ஆனால் அடினியத்துக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. ஒருமுறை நனைந்தால் நாள்கணக்கில் ஈரத்தை விடாது, காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்து வேரை அறுத்துவிடும். தோட்டத்து மண்ணை ஒரு கைப்பிடிகூடத் தொட்டியில் போடாதீர்கள்.

நர்சரியிலிருந்து வருகிற செடியிலும் இதே சிக்கல் வேறு உருவத்தில் இருக்கிறது. நம்மில் பலர் திருச்சூர் பக்கம் இருக்கிற மண்ணுத்திக்குப் போய்த்தான் வாங்கி வருகிறோம். அங்கே பெரும்பாலும் தேங்காய் நார்த்தூளில்தான் வளர்த்திருப்பார்கள். பச்சை வலைக்கு அடியில், தினமும் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிற இடத்தில் அது சரி. நம் மாடிக்கு வந்ததும் மேல்பகுதி காய்ந்து உதிரும், வேருக்கு நடுவில் இருக்கிற நார்த்தூளைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். காய்ந்துவிட்டது என்று நாம் இன்னும் ஊற்றுவோம். வாங்கி வந்த ஒரு வாரத்துக்குள், மழை இல்லாத நாளில், அந்த நார்த்தூளை உதறி எடுத்துவிட்டு நம் கலவைக்கு மாற்றுவதுதான் நல்லது.

என்ன கலவை? நான்கு பங்கு பருமணல், இரண்டு பங்கு கடலைப்பருப்பு அளவு செங்கல் துண்டு, ஒரு பங்கு கொட்டாங்குச்சிக் கரி, இரண்டு பங்கு நன்றாக மக்கிய சாணி எரு, ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. ஆற்றுமணல் கிடைக்காது, எம் சாண்ட் போதும். ஆனால் அதைச் சலித்து, அடியில் விழுகிற மாவுத்தூளைக் கொட்டிவிட வேண்டும். அந்தத் தூள் இருந்தால் ஒரே மழையில் தொட்டியின் அடி சிமெண்டாக இறுகிவிடும். கலவை சரிதானா என்று பார்க்க ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே தேங்காமல் சில நொடிகளில் அடித்துளை வழியாக ஓடினால் சரி. தேங்கி நின்று யோசித்து இறங்கினால் இன்னும் கொஞ்சம் மணலும் கல்லும் சேருங்கள்.

அப்புறம் தண்ணீர். தண்ணீரே வேண்டாத செடி என்று எல்லோரும் சொல்லி வைத்திருப்பதால்தான் பல மாடிகளில் அடினியம் நான்கு இலையோடு, பூ இல்லாமல் நிற்கிறது. இதன் சொந்த ஊர் சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே இருக்கிற ஆப்பிரிக்க வறண்ட நிலமும் அரேபியத் தீபகற்பமும். அங்கேயும் மழை உண்டு. வெப்பமான மாதங்களில் பெய்து, பாறை இடுக்கில் நிற்காமல் ஓடிவிடும். அந்த நேரத்தில் குடித்து, அடித்தண்டில் சேமித்து, பூத்துக் கொள்ளும். வறண்ட, குளிர்ந்த மாதங்களில் இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா இருக்கும். சேமிப்பு இருப்பதால் பல வாரம் தண்ணீர் இல்லாமல் பிழைக்கும். ஆனால் பட்டினி போட்டால் பூக்காது.

ஆகவே பாலக்காடு 40 டிகிரியைத் தொடுகிற மார்ச், ஏப்ரலில், மேலே சொன்ன கலவையில் இருக்கிற செடிக்கு நான் தினமும் காலையில் ஊற்றுகிறேன், அடித்துளை வழியாக வழிகிற வரைக்கும். கரிசல் மண்ணிலோ வெறும் நார்த்தூளிலோ இப்படி ஊற்றினால் செடி போய்விடும். மண்ணைச் சரிசெய்த பிறகுதான் இந்தத் துணிச்சல். மார்கழி, தையில் வாரத்துக்கு ஒருமுறை போதும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நான் குழாயைத் திறப்பதே அபூர்வம்.

அந்த ஜூன், ஜூலைதான் நமக்குச் சோதனை. மற்ற கேரளத்துக்கு விழுகிற மழையில் பாதிகூட நம் கிழக்கு எல்லையில் விழாது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிற பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வருகிறது, அதோடு தூறலும் மேகமூட்டமும் வருகின்றன. கொட்டித் தீர்க்கிற மழையைவிட இந்தத் தூறல் மோசம். தொட்டி காயவே காயாது, வெயிலும் கிடைக்காது. சன்ஷேடுக்கு அடியிலோ, பக்கவாட்டில் வெளிச்சம் வருகிற ஷீட் கூரைக்குக் கீழோ தொட்டிகளை நகர்த்திவிடுங்கள். நகர்த்த முடியாத பெரிய தொட்டி என்றால் ஒரு பக்கம் செங்கல் வைத்துச் சற்றே சாய்த்து வைத்தால் தண்ணீர் வடியும். எப்போதுமே தொட்டியைத் தரையோடு வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள், துளை அடைக்காது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் மாடியில் வெறும் பழமொழி இல்லை. அடினியத்துக்கு ஆழமில்லாத அகலத் தொட்டிதான் நல்லது, தலைப்பாரம் அதிகம், பிளாஸ்டிக் என்றால் கண்டிப்பாக உருண்டுவிடும். கனமான மண் சட்டியோ சிமெண்ட் தொட்டியோ வாங்குங்கள். மண் சட்டியில் இன்னொரு லாபம், பக்கவாட்டிலும் ஈரம் காயும். கைப்பிடிச் சுவர் ஓரமாக வைத்தால் காற்று கொஞ்சம் மட்டுப்படும். சுவரின் மேல் வைக்காதீர்கள், கீழே ஆள் நடக்கும்.

இனி அழுகல். அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிற பழக்கம் வேண்டும். நல்ல தண்டு பச்சை உருளைக்கிழங்கு போலக் கெட்டியாக இருக்கும். முழுத்தண்டும் சீராகச் சுருங்கி, லேசாக அமுங்கினால் அது தாகம். ஊற்றினால் சில நாளில் நிமிர்ந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் கொழகொழவென்று உள்ளே போனால், அதுவும் மண் ஈரமாக இருக்கும்போதே இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தால், அது அழுகல். அதில் தண்ணீர் ஊற்றுவதுதான் பலரும் செய்கிற காரியம்.

அழுகல் என்று தெரிந்தால் காத்திருக்காமல் செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவிவிட்டு, கத்தியால் அழுகின பகுதியை வெட்டி எடுங்கள். பழுப்பு நிறம் ஒரு புள்ளிகூட இல்லாமல், உள்சதை வெள்ளையாகத் தெரிகிற வரை வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். பாதித் தண்டே போனாலும் பரவாயில்லை, மீதி பிழைக்கும். பாவம் பார்த்து ஓரத்தில் கொஞ்சம் விட்டால் அங்கிருந்து மறுபடியும் ஏறும். வெட்டின இடத்தில் சாஃப் மாதிரி பூஞ்சாணக்கொல்லித் தூளைக் குழைத்துப் பூசி, நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் பத்து நாள் அப்படியே கிடத்துங்கள். காயம் நன்றாக உலர்ந்து தோல் கட்டிய பிறகு காய்ந்த கலவையில் நட்டு, இன்னும் ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர்.

மார்கழியில் கிழக்குக் காற்று அடிக்கும்போது இலைகள் கொட்டும், அதற்குப் பயப்பட வேண்டாம். பக்கத்து வீட்டு அத்தை வருடா வருடம் மாடிப்படியில் நின்று, “என்ன கண்ணு, செடியெல்லாம் பட்டுப்போச்சா?” என்று கேட்பார். “இல்லீங்க அத்தை, தூங்குது” என்று நானும் வருடா வருடம் சொல்வேன். கிளையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

வெயில் ஏறத் தொடங்கும் பிப்ரவரி கடைசியில் கிளைகளை வெட்டிவிடுங்கள். பூ வருவது புதுக் கிளையின் நுனியில்தான். ஆகவே ஒரு கிளையை வெட்டினால் இரண்டு மூன்று துளிர்க்கும், அத்தனை நுனியிலும் பூ. சாய்வாக வெட்டுங்கள், தண்ணீர் தங்காது. உரத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். சொட்டுநீர்க்காரர்கள் வாங்குகிற 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் இருக்கிற, தண்ணீரில் கரையும் உரம்) நம் ஊர் உரக்கடைகளில் கிடைக்கும். துளிர் வரும்போது அதை லிட்டருக்கு ஒரு கிராம், மொட்டு தெரிந்த பிறகு சாம்பல் சத்து அதிகமுள்ள 13:0:45 அதே அளவு, 15 நாளுக்கு ஒருமுறை. வாழைப்பழத் தோல் ஊறவைத்த தண்ணீரில் எனக்கு நம்பிக்கை இல்லை. கொசுதான் வரும்.

பூச்சியில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருநாள் காலையில் போனால் ஒரு கிளை முழுக்க மொட்டையாக இருக்கும். ஆடு மாடிக்கு ஏறாது, அணிலாக இருக்குமோ என்று தோன்றும். தொட்டிக்குக் கீழே தரையைப் பாருங்கள். மிளகைவிடப் பெரிய கறுப்பு உருண்டைகள் சிதறிக் கிடந்தால் அது அரளிப் புழுவின் எச்சம். அதற்கு நேர் மேலே தேடினால் சுண்டுவிரல் பருமனில் பச்சைப் புழு காம்போடு காம்பாக ஒட்டிக் கிடக்கும். விலாவில் வெள்ளைப் புள்ளிகள், முன்பக்கத்தில் நீல நிறத்தில் இரண்டு கண் மாதிரி வட்டம். அவை கண்ணே இல்லை, தொட்டால் தலையை மடக்கி அந்த வட்டங்களைக் காட்டி மிரட்டும். கடிக்காது. இலைநிறத்திலேயே இருப்பதால் கண்முன்னே இருந்தும் தெரியாது, எச்சத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அடினியமும் அரளி, நந்தியாவட்டைக் குடும்பம்தான். வேலியில் அவை இருந்தால் அங்கிருந்து அந்துப்பூச்சி வந்து முட்டையிடும். இரண்டு மூன்று புழுவுக்காக மருந்து அடிக்காதீர்கள், கையால் எடுத்து வேலி அரளியிலேயே விட்டுவிடலாம். மொட்டில் மஞ்சள் அசுவினி மொய்த்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மீதிக்கு வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, இரண்டு சொட்டு சோப்புக் கரைசலோடு, வெயில் சாய்ந்த பிறகு.

அரளிக் குடும்பம் என்றேன் அல்லவா, விஷமும் அப்படித்தான். கிளையை ஒடித்தால் வருகிற பாலில் இதயத்தைப் பாதிக்கிற நஞ்சு இருக்கிறது. ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவியிருக்கிறார்கள். வெட்டும்போது கையுறை போடுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள். வெட்டின கிளைகளை ஆடு, மாடு மேய்கிற இடத்தில் வீசிவிடக் கூடாது. வீட்டில் தவழ்கிற குழந்தை இருந்தால் நான் இந்தச் செடியைச் சிபாரிசு செய்ய மாட்டேன். பத்து மணிப் பூ வையுங்கள், அதுவும் இதே வெயிலில் ஜோராகப் பூக்கும்.

கடையில் வாங்கும்போது அடித்தண்டு குண்டாக வேண்டும் என்றால் விதையில் முளைத்த செடியாகக் கேளுங்கள். கிளையை வெட்டி நட்டதில் அந்த உருண்டைத் தண்டு லேசில் வராது. அடுக்குப் பூ, விசேஷ நிறம் வேண்டும் என்றால் ஒட்டுச் செடிதான். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாதாரண ரோஸ் நிறம் மேலே ஏறி ஒட்டை விழுங்கிவிடும். வலையின் நிழலில் வளர்ந்த செடியை வந்த அன்றே உச்சி வெயிலில் வைத்தால் தண்டின் மேற்குப் பக்கம் வெந்து தழும்பாகும். காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் ஒரு பத்து நாள் வைத்து, பிறகு மாடிக்கு ஏற்றுங்கள்.

இப்போதே ஓட வேண்டாம். தை பிறந்த பிறகு வாங்குங்கள். அடுத்த இடவப்பாதி மழை (ஜூனில் வருகிற பருவமழை) தொடங்குவதற்குள் புதுக் கலவையில் வேர் பிடிக்க நான்கைந்து மாதம் கிடைக்கும்.