பெயர் சொல்லாமலே குறிவைக்கும் சட்டங்கள்
எந்த இனத்தையும் பெயர் சொல்லாத சட்டம் எப்படி ஓர் இனத்தைக் குறிவைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தமிழர் என்ற சொல்லும் இல்லை, முஸ்லிம் என்ற சொல்லும் இல்லை. ஆனால் அமைச்சரின் கட்டளையால் 18 மாதங்கள் வரை (2022 திருத்தத்தின் பின் 12) வழக்கின்றித் தடுத்துவைக்கவும், உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் அளித்த வாக்குமூலத்தையே சான்றாக்கவும் அது இடமளிப்பதால், அதிகாரி எவரைச் சந்தேகிக்கிறாரோ அவருக்குரிய சட்டமாகவே அது மாறிவிடுகிறது. மட்டக்களப்பில் அது நெடுங்காலம் தமிழ் இளைஞரைத் தேடியது. 2019இல் அந்நகரின் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்புக்குப் பின், முஸ்லிம்கள் வாழும் அண்டை ஊரான காத்தான்குடியின் கதவுகளைத் தட்டியது. என் பார்வையில், இதைவிட நுட்பமானது அரசியலமைப்பின் 1983ஆம் ஆண்டு ஆறாம் திருத்தம் கொண்டுவந்த சத்தியப்பிரமாணம். தனிநாட்டை ஆதரிக்கமாட்டேன் என்ற அந்தத் தாளில், அரச நியமனம் பெற்ற ஆசிரியை முதல் சட்டத்தரணி வரை கையொப்பமிட வேண்டும். தாள் எல்லோருக்கும் ஒன்றுதான். அது எழுதப்பட்டதோ தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரம் நடந்து சில நாட்களில்.