பழைய ஏதென்ஸ் பெண்களும் கம்பளி வேலையும்: கேள்வி பதில்

கேள்வி: கிரேக்கப் பெண்கள் எந்நேரமும் தறியிலேயே இருந்தார்களா?

பதில்: தறியைவிடத் தக்ளியில்தான், அதாவது கையால் சுழற்றி நூற்கும் கதிரில்தான், அதிக நேரம் போனது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீளத்தில் ஓர் ஆடை. சென்டிமீட்டருக்குப் பாவில் (நெடுக்கு இழை) 10 இழை, ஊடையில் (குறுக்கு இழை) 10 இழை என்று வைத்துக்கொள்வோம். பாவுக்கு 3,000 மீட்டர், ஊடைக்கு 3,000 மீட்டர். சேதாரம் சேர்க்காமலே 6 கிலோமீட்டர் நூல்! இராட்டை அன்று கிடையாது. தக்ளியில் மணிக்கு 50 மீட்டர் நூற்றாலும் 120 மணி நேரம் ஆகும். சமையல், பிள்ளை, தண்ணீர் எல்லாம் இதற்கு நடுவில்தான்.

கேள்வி: கத்தரித்த ஆட்டுமயிரை அப்படியே நூற்கலாமா?

பதில்: முடியாது, எண்ணெய்ப் பிசுக்கும் முள்ளும் ஒட்டியிருக்கும். முதலில் அலசி, அடித்து, முள் பொறுக்கி, சிக்கெடுத்துக் கூடையில் சேர்ப்பார்கள். கி.மு. 411இல் அரங்கேறிய அரிஸ்டோபனீஸின் 'லிசிஸ்ட்ராட்டா' நாடகத்தில், நகரத்தையும் இப்படித்தான் சுத்தம் செய்யவேண்டும் என்று நாயகி வரிசையாகச் சொல்கிறாள். அடுத்தது, நூற்பதற்காகக் கம்பளியைத் திரியாக உருட்டுவது. அதற்குத் தொடைமேல் கவிழ்க்கும் பாதிக்குழாய் வடிவச் சுடுமண் கவசம் உண்டு, பெயர் எபினெட்ரான். மேற்புறம் மீன்செதில் போலக் கீறியிருப்பதால் கம்பளி வழுக்காது.

கேள்வி: அகழாய்வில் கிடைக்கும் ஓட்டை போட்ட களிமண் கட்டிகள் எதற்கு?

பதில்: பாவை இழுத்துப் பிடிக்க. சுவரில் சாய்ந்து நிற்கும் தறியில் பாவு மேல்கட்டையிலிருந்து தொங்கும். அடியில் கொத்துக் கொத்தாக இந்தக் கட்டிகளைக் கட்டுவார்கள். நெய்பவள் நின்றபடி, ஊடையை மேல்நோக்கி அடிப்பாள். ஓர் இழைக்கு 20 கிராம் இழுவை வேண்டுமென்றால், 400 கிராம் கட்டியில் 20 இழை கட்டலாம். இழைகளைக் கூட்டிக் கட்டினால் பாவு தொய்ந்து இழைகள் ஒன்றோடொன்று சிக்கும். குறைத்தால் மெல்லிய நூல் அறுந்துவிடும்.

எடை போலவே கட்டியின் தடிமனும் முக்கியம், பலர் இதைக் கவனிப்பதில்லை. நம் தறியில் இழைகளைப் பிரித்து அகலத்தைக் காக்கும் பண்ணை இதில் இல்லை. கட்டிகளை நெருக்கி அடுக்கினால் அந்த வரிசையின் அகலம்தான் துணியின் அகலத்தைத் தீர்மானிக்கும். முன்வரிசை ஒன்று, பின்வரிசை ஒன்று. 4 சென்டிமீட்டர் தடிமன், கட்டிக்கு 20 இழை என்றால், இரு வரிசையும் சேர்ந்து 4 சென்டிமீட்டருக்கு 40 இழை, அதாவது சென்டிமீட்டருக்கு 10 இழை. வரிசை துணியைவிடக் குறுகினால் இரு கரையும் உள்ளே இழுபடும். துணியே மக்கிப்போன இடத்திலும் கட்டியை அளந்தே அங்கே எப்படிப்பட்ட துணி நெய்திருக்கலாம் என்று ஊகிப்பது இதனால்தான்.

கேள்வி: இந்த வேலையைப் படமாகப் பார்க்க முடியுமா?

பதில்: நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில், அமாசிஸ் ஓவியர் தீட்டிய சுமார் 17 செ.மீ. உயர எண்ணெய்ச் சாடி இருக்கிறது. காலம் ஏறக்குறைய கி.மு. 550–530. கம்பளி நிறுப்பது, நூற்பது, நெய்வது, துணி மடிப்பது எல்லாம் அதில் உண்டு.

கேள்வி: வீட்டுத் தேவைக்கு மட்டும்தானே, வருமானம் வந்ததா?

பதில்: வந்தது. ஏதென்ஸ் உள்நாட்டுப் போரின்போது அரிஸ்டார்க்கஸ் என்பவர் வீட்டில் உறவுக்காரப் பெண்கள் பலர் தஞ்சம் புகுந்தார்கள். அடிமைகளை விட்டு எண்ணினாலே 14 பேர், சோற்றுக்கு வழியில்லை. அவர்களுக்குத் தெரிந்த வேலையையே கொடு என்றார் சாக்ரடீஸ். அரிஸ்டார்க்கஸ் கடன் வாங்கிக் கம்பளி வாங்கிப் போட்டார், வீடு தேறிவிட்டது. சாக்ரடீஸின் மாணவர் செனஃபோன் இதை எழுதிவைத்திருக்கிறார். பிறகு அந்தப் பெண்கள் அரிஸ்டார்க்கஸிடமே குறைசொன்னார்களாம்: இந்த வீட்டில் வேலை செய்யாமல் சாப்பிடுவது நீங்கள் ஒருவர்தான்!