மொத லூட் வாங்கப் போறீங்களா, எடை எவ்ளோன்னு கேளுங்க

லூட்ங்கிறது குடம் மாதிரி உடம்புள்ள பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியம். அதப் பத்தி வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "ஆறு வருஷமா கிளாசிக்கல் கிட்டார் வாசிக்கிறேன், இப்ப லூட் மேல ஆசை வந்திருச்சு. ஆன்லைன்ல நல்லா செதுக்கு வேலையெல்லாம் பண்ணி புதுசா ஒண்ணு ரொம்ப சல்லிசா கெடைக்குது, வாங்கலாமா? இல்ல 18ம் நூற்றாண்டு பாக் (Bach) இசைய வாசிக்கணும்னு இருக்கறதால நேரா 13 கோர்ஸ்லயே ஆரம்பிச்சிரலாமா?"

ரெண்டும் வேணாம்ங்க. (கோர்ஸ்னா ஒண்ணா சேத்து மீட்டற ஜோடித் தந்தி, மேல ஒண்ணு ரெண்டு மட்டும் ஒத்தையா இருக்கலாம்.)

மொதல்ல அந்த சல்லிசு லூட். பாக்கத்தான் குடம் மாதிரி பெருசா இருக்குமே தவிர, 6 கோர்ஸ்லேருந்து 8 கோர்ஸ் வரைக்கும் உள்ள நல்ல லூட் பெரும்பாலும் ஒரு கிலோகூட வராது, முன்பலகையோட கனம் ரெண்டு மில்லிமீட்டருக்கும் கீழதான். கிட்டார்ல ஒரு நைலான் தந்தி 6, 7 கிலோ இழுக்கும், லூட்ல ஒரு தந்தி ஏறக்கொறைய 3 கிலோதான், அந்த சின்ன இழுப்புக்கே பலகை அதிரணும்னா மெல்லிசா இருந்தாத்தான் ஆகும். மலிவா செய்யறவங்க வழியில ஒடஞ்சிரக் கூடாதுன்னு தடிப் பலகையப் போட்டுட்டு, நடுவுல இருக்கற பூ வேலைய மட்டும் கண்ணப் பறிக்கிற மாதிரி பண்ணிருவாங்க. என் மொத லூட் அப்படி வந்ததுதான், சுவத்துல மாட்டினா அம்சமா இருந்துச்சு, மீட்டினா அட்டைப்பெட்டியத் தட்டுற சத்தம். அதனால விக்கிறவர்கிட்ட தராசுல வச்சு ஒரு போட்டோ கேளுங்க, ஒன்றரை கிலோ காட்டுச்சுன்னா பேச்ச அங்கயே முடிச்சிக்கலாம்.

இன்னொன்னு, ஒத்தைத் தந்தியா ஆறு, மெட்டல் ஃப்ரெட் (கழுத்துல இருக்கற மெட்டு), கிட்டார் மாதிரி திருகுற கீ இதெல்லாம் இருந்தா அது லூட் உடம்புல இருக்கற கிட்டார்தான், போன நூற்றாண்டு ஆரம்பத்துல ஜெர்மனியில இத நெறைய செஞ்சாங்க, இன்னமும் லூட்டுங்கிற பேர்ல விலைக்கு வந்துட்டே இருக்கு.

13 கோர்ஸ்னா மொத்தம் 24 தந்தி, சுருதி சேத்து முடிக்கிறதுக்குள்ள வாசிக்கிற ஆசையே போயிரும். அது போக அந்த பரோக் (பாக் காலத்து) டியூனிங் டி மைனர்ல இருக்கும், கிட்டார்ல நீங்க பழகின விரல் கணக்கு எதுவும் அங்க செல்லாது. அதுக்கு முந்தின ரினைசான்ஸ் காலத்து லூட் அப்படியில்ல, உங்க கிட்டார்ல மூணாவது தந்திய மட்டும் அரை ஸ்வரம் எறக்கி எஃப் ஷார்ப்ல வச்சு மூணாவது ஃப்ரெட்ல கேப்போ (எல்லாத் தந்தியையும் சேத்து அழுத்தற கிளிப்) போட்டீங்கன்னா ஜி லூட் டியூனிங் வந்திரும், டேப்லேச்சர (எந்தத் தந்தி, எந்த ஃப்ரெட்டுன்னு காட்டற குறிப்பு) வச்சுக்கிட்டு இன்னைக்கே செலவில்லாம ஆரம்பிக்கலாம், ஒரு மாசம் இப்படி வாசிச்சுப் பாத்தாலே உங்க ஆசை எவ்ளோ நெசம்னு தெரிஞ்சிரும்.

அப்புறமும் ஆசை இருந்தா நேரா வாங்காதீங்க, வாடகைக்கு எடுங்க. இங்கிலாந்துல 1956ல ஆரம்பிச்ச லூட் சொசைட்டியும் அமெரிக்காவுல இருக்கற லூட் சொசைட்டியும் வாடகைக்கு விடறாங்க. அங்கருந்து எடுக்க வழியில்லன்னா, பழசா கெடச்சாலும் பரவால்ல, ஒரு தனி லூத்தியர் (தந்தி வாத்தியம் செய்யறவர்) கையால செஞ்ச 7 இல்லன்னா 8 கோர்ஸ், தந்தி நீளம் 60 செ.மீ. பக்கத்துல இருக்கறதா பாருங்க. 16ம் நூற்றாண்டு இத்தாலிய லூட் கலைஞர் ஃப்ரான்செஸ்கோ டா மிலானோ காலத்து பீஸுக்கு 6 கோர்ஸே தாராளம், ஆனா அவருக்கு அப்புறம் வந்த இங்கிலாந்து ஜான் டவுலண்ட் பக்கம் போனீங்கன்னா கீழ் ஸ்வரத்துக்கு இன்னும் ஒண்ணு ரெண்டு வேண்டியிருக்கும்.

பழச வாங்கறதா இருந்தா வீடியோ கேளுங்க. பிரிட்ஜுக்கு (பலகையில தந்தி கட்டற கட்டை) பின்பக்கம் ஒரு பேப்பர் ஓரத்த வச்சுத் தள்ளச் சொல்லுங்க, உள்ள நுழைஞ்சா பசை விட்டிருக்குன்னு அர்த்தம். பிருடைய (தந்திய முறுக்கற ஆணி) மெதுவா திருப்பச் சொல்லுங்க, டக் டக்னு தாவுதுன்னா சோப்போ பெக் பேஸ்ட்டோ போட்டா சரியாயிரலாம், ஆனா துளை முட்டை வடிவத்துக்கு போயிருந்தா பிருடை எல்லாத்தையும் மாத்தணும், அதுக்கு நல்ல செலவாகும். கழுத்து உடம்போட சேர்ற எடத்துல தந்திக்கும் பலகைக்கும் நடுவுல 3, 4 மில்லிமீட்டர் இருந்தா போதும், அதுக்கு ரொம்ப மேலன்னா கழுத்து முன்னால சாஞ்சிருக்கு, தொடாதீங்க. மெட்டு தேஞ்சிருந்தா கவலையே படவேணாம், அது கழுத்த சுத்திக் கட்டற நரம்புதான், நீங்களே முடிச்சு போட்டுக்கலாம்.

என்னதான் அவசரம்னாலும் கிட்டார் தந்திய மட்டும் லூட்ல ஏத்திராதீங்க, பிரிட்ஜ் பேந்து வந்திரும்.

வலது கை நகத்தப் பத்தி நீங்க கேக்கல, நானே சொல்றேன். ஜோடித் தந்தியில நகம் பட்டா கிளிக் கிளிக்னு கேக்கும், லூட்ட பெரும்பாலும் விரல் சதையாலதான் வாசிக்கிறாங்க. ஆறு வருஷம் வளத்த நகம், வெட்ட மனசு வராதுதான், வாடகை லூட் கைக்கு வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்.