சின்ன ரயில் போன பாதை

அன்புள்ள ஐயா,

நான் கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் எங்கள் கல்லூரியில் ஒரு சொற்போர் நடக்கிறது. ‘எண்ணெய்ச் சார்பே பயங்கரவாதத்தை வளர்க்கிறது’ என்பது தலைப்பு. ஆதரித்துப் பேச என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நம் வண்டியில் நிரப்பும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலும் எங்கோ ஒரு தோட்டாவாக மாறுகிறது என்று என் உரையைத் தொடங்க நினைத்திருக்கிறேன். அந்த நாட்டு மக்கள் கையில் எண்ணெய்ப் பணம் சேர்ந்த பிறகுதான் உலகம் நிம்மதி இழந்தது என்பது என் கருத்து. மாற்று வழிகளாக மின்வாகனம், எத்தனால், காட்டாமணக்கு டீசல் ஆகிய மூன்றையும் சொல்லப் போகிறேன். இவற்றில் நம் பகுதிக்கு எது பொருந்தும்? என் வாதத்தில் குறை இருந்தால் சுட்டிக்காட்ட வேண்டுகிறேன்.

கா., பர்கூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை மொரப்பூர் ரயில் நிலையத்தில், தாமதமாகிவிட்ட ஒரு வண்டிக்காகக் காத்திருந்தபோது படித்தேன். எண்ணெயையும் நம் ஊரையும் சேர்த்து யோசிக்க அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்தத் தோட்டா வாக்கியத்தை அடித்துவிடுங்கள். அதற்குக் கைதட்டல் கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அது உண்மை இல்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலை நடத்திய 19 பேரில் 15 பேர் சவூதி அரேபியக் குடிமக்கள் என்பதை உங்கள் அணி முதல் சான்றாக வைக்கும். அதே தாக்குதலை ஆராய்ந்த அமெரிக்க விசாரணை ஆணையம், அந்தச் சதிக்கு ஆன மொத்தச் செலவை 4 லட்சம் முதல் 5 லட்சம் டாலர் வரை என்று கணக்கிட்டிருக்கிறது. ஒரு பெரிய எண்ணெய் நாட்டின் ஒரு மணி நேர வருமானத்துக்கும் குறைவான தொகை அது. உலகம் எண்ணெய் வாங்குவதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் அவ்வளவு பணம் எங்கிருந்தாவது வந்து சேர்ந்துவிடும். 2014-க்குப் பிறகு சிரியாவிலும் இராக்கிலும் எண்ணெய்க் கிணறுகளைப் பிடித்துக்கொண்டு ஐ.எஸ். அமைப்பு லாரி லாரியாக விற்றது என்பது மெய்தான். ஆனால் அதே அமைப்பு தன் பிடியில் சிக்கிய மக்களிடம் வரியாகவும் பறிமுதலாகவும் பிடுங்கிய பணத்திலும் நடந்தது. ஏற்றுமதிக்கு எண்ணெய் இல்லாத ஆப்கானிஸ்தானையும் இலங்கையையும் எதிரணி எழுந்து சொல்லும். எண்ணெய் ஏராளமாக உள்ள நார்வேயையும் சொல்லும். நீங்கள் அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2000 பிப்ரவரி 2 அன்று தருமபுரியை அடுத்த இலக்கியம்பட்டியில், கல்விச் சுற்றுலா வந்த வேளாண் கல்லூரி மாணவியர் மூவர், ஆர்ப்பாட்டக்காரர்கள் தீ வைத்த பேருந்துக்குள் எரிந்து இறந்தார்கள். நீங்கள் அப்போது பிறந்தே இருக்க மாட்டீர்கள். மறுநாள் காலை நான் அந்த வழியாகப் போனேன். சாலையோரத்துப் புளியமரங்களின் அடியில் ஊர்ப் பெண்கள், தங்களுக்கு எந்த உறவும் இல்லாத அந்தப் பிள்ளைகளுக்காக மாரில் அடித்துக்கொண்டு அழுதது இன்றும் என் காதில் இருக்கிறது. அங்கேயும் பெட்ரோல் இருந்தது, தம்பி. ஆனால் அந்தக் கைகளுக்குத் துணிவு கொடுத்தது பெட்ரோல் இல்லை. தங்களைக் கேட்க ஆளில்லை என்ற நம்பிக்கை. எண்ணெயைப் பற்றி நான் யோசிக்கும்போதெல்லாம் அந்த மூன்று சொற்களில்தான் வந்து நிற்கிறேன். கேட்க ஆளில்லை என்ற நிலையை எண்ணெய் உண்டாக்குகிறது. அதைத்தான் நீங்கள் மேடையில் பேச வேண்டும்.

அதற்கு முன்னால் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ‘அந்த நாட்டு மக்கள்’ என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! எண்ணெய்ப் பணம் எந்த நாட்டு மக்கள் கைக்குப் போனது? ஈரானில் பிரதமர் மொசாதெக் 1951-இல் எண்ணெயை நாட்டுடைமையாக்கினார். 1953-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் சதி செய்து அவரை வீழ்த்தின. நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் எண்ணெய் கசிந்து தம் மக்களின் நிலமும் மீனும் அழிந்ததை எதிர்த்துப் பேசிய எழுத்தாளர் கென் சாரோ-விவாவை அந்நாட்டு ராணுவ ஆட்சி 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிட்டது. எண்ணெய்க்கு முதல் பலி எண்ணெய் மண்ணின் மக்களே. நீங்கள் படிக்கும் ஊரில் சையத் பாஷா மலையின் நிழலில் எத்தனை தலைமுறையாக உருது பேசும் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன என்பது உங்களுக்குத் தெரியாதா? உங்கள் வாக்கியத்தை அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் அதே அரங்கில் உட்கார்ந்து கேட்டால் அவர் மனம் என்ன பாடுபடும் என்று ஒரு கணமாவது நினைத்தீர்களா? பர்கூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும்தான் வளைகுடாவில் வெயிலில் நின்று சம்பாதித்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். அதுவும் எண்ணெய்ப் பணம்தான். அதில் தங்கை படிக்கிறாள், வீட்டுக்குக் கூரை ஏறுகிறது. இந்த வரியை நீங்கள் வெறுப்பினால் எழுதவில்லை, எங்கோ படித்ததை அப்படியே எடுத்து வைத்துவிட்டீர்கள் என்று நம்புகிறேன். அப்படியே ஆனாலும் அது தவறு தவறுதான்.

இனி வாதத்துக்கு வருவோம். குடிமக்களிடம் வரி வாங்கி நடக்க வேண்டிய அரசு, அவர்கள் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். பூமியிலிருந்து பணம் ஊறி வரும் அரசுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கேள்வி கேட்பவரைச் சிறையில் தள்ளவும், கேட்காதவருக்குச் சலுகை கொடுக்கவும் அதனிடம் பணம் இருக்கிறது. நியாயமாகப் பேச எல்லா வாசலும் அடைபட்ட இடத்தில் கோபம் மறைவிடங்களைத் தேடிப் போகிறது. இது உள்நாட்டுக் கதை. வாங்குபவர் கதை இதைவிட வெட்கக்கேடானது. செப்டம்பர் 11 பற்றி அமெரிக்க நாடாளுமன்றக் குழு எழுதிய அறிக்கையில், தாக்கியவர்களுக்குச் சவூதி தரப்பிலிருந்து உதவி கிடைத்திருக்கக்கூடுமா என்பதைப் பற்றிய 28 பக்கங்கள் 2016 வரை மக்கள் கண்ணில் படாமல் பூட்டிவைக்கப்பட்டிருந்தன. 2018 அக்டோபரில் இஸ்தான்புல் சவூதி துணைத் தூதரகத்துக்குள் பத்திரிகையாளர் ஜமால் கஷோகி கொல்லப்பட்ட பிறகு, சவூதி அரசைத் தள்ளி வைப்பேன் என்று தேர்தல் மேடையில் சொன்ன ஜோ பைடன், எண்ணெய் விலை ஏறிக்கிடந்த 2022 ஜூலையில் ஜெட்டாவுக்கே போய்ச் சவூதி பட்டத்து இளவரசரைச் சந்தித்தார். நம் கதையும் வேறில்லை. தேவையான கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் நாம், ஈரானிடம் வாங்குவதை 2019 மே மாதத்தோடு நிறுத்தியது அமெரிக்கத் தடைக்குப் பணிந்துதான். சார்பு என்பது இதுதான். நம் பணம் பயங்கரவாதியைச் சேர்கிறதோ இல்லையோ, அந்தச் சார்பு நம் வாயை நிச்சயமாக அடைத்துவிடுகிறது.

நீங்கள் சொன்ன மாற்றுகளில் காட்டாமணக்கைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன்பு, தரிசு நிலத்தில் தண்ணீரே இல்லாமல் டீசல் விளையும் என்று ஊர் ஊராக வந்து சொன்னார்கள். பென்னாகரம் பக்கத்தில் எங்களுக்கு இருந்த இரண்டு ஏக்கர் மானாவாரியில், அதுவரை சாமையும் துவரையும் விளைந்த மண்ணில், நான் கன்று வாங்கி நட்டேன். செடி உயிரோடு நின்றது, காய்க்கவில்லை. காய்த்த கொஞ்சத்தையும் வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் போட்டவர்கள் மூன்றாம் ஆண்டில் காணாமல் போனார்கள். செடியைத் தோண்டி எடுக்க ஆன கூலி, நட்ட கூலியைவிட அதிகம். எத்தனாலுக்குக் கரும்போ மக்காச்சோளமோ அரிசியோ வேண்டும். ஆயிரம் அடிக்குக் கீழே ஆழ்துளை போட்டுத் தேடும் நம் மாவட்டங்களில் அதற்குத் தண்ணீர் எங்கே? மின்ஸ்கூட்டரைக் குறை சொல்ல மாட்டேன். போச்சம்பள்ளி வட்டாரத்திலும் ஓசூரிலும் அவற்றைச் செய்யும் ஆலைகளில் நம் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். புகையும் குறையட்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம் நாடு எரிக்கும் பெட்ரோலியப் பொருள்களில் பெட்ரோல் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. டீசல் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. நீங்கள் கடிதம் முழுக்கப் பெட்ரோலையே பேசியிருக்கிறீர்கள். எரிவது லாரியில், தம்பி.

என் பாட்டி சொன்ன கதைக்கு இப்போது வருகிறேன். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் குறும்பாதை ரயில் ஒன்று வந்தது. பிறகு அது ஓசூர் வரை நீண்டது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் அதே போல ஒரு பாதை இருந்தது. ஆமாம், இன்று ரயில் நிலையமே இல்லாத உங்கள் கிருஷ்ணகிரிக்குத்தான். பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவந்து சேர்ப்பதற்கென்று போடப்பட்ட பாதைகள் அவை. பாட்டி அதைச் ‘சின்ன ரயிலு’ என்பார். மூட்டை ராகியோடும் பலாப்பழத்தோடும் அதில் ஏறி மொரப்பூரில் இறங்கிப் பெரிய வண்டி பிடித்ததை, கல்யாணத்தைச் சொல்வதுபோலச் சொல்வார். 1941-இல், போர்க் காலத்தில், அந்தப் பாதை மூடப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போன நாளைப் பற்றிக் கேட்டால், “பட்டாளத்துக்குப் போச்சுடா, திரும்பி வரல” என்று மட்டும் சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொள்வார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உங்களைப் போன்ற இயந்திரப் பொறியியல் மாணவர் கவனிக்க வேண்டும். போர் காரணமாகப் பெட்ரோல் பங்கீட்டுக்கு வந்துவிட்டது. பேருந்தின் பின்னால் ஓர் அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு, விசிறியைக் கையால் சுற்றிப் புகைவாயு எடுத்து அதில் வண்டி ஓட்டினார்கள். அந்தக் கரி பஸ்ஸில் பாட்டி பயணம் செய்திருக்கிறார். மேடு வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும் என்பார். எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்த அதே ஆண்டுகளில், எண்ணெய் வேண்டாத பாதையை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். போர் முடிந்தது, பெட்ரோலும் டீசலும் திரும்பி வந்தன, தண்டவாளம் வரவில்லை. நம் மாவட்டத்தின் எண்ணெய்ச் சார்பு அன்றுதான் தொடங்கியது என்று நான் சொல்வேன். பிறகு சேலம்–பெங்களூர்ப் பாதை வந்து தருமபுரிக்கு ஒரு நிலையம் கிடைத்தது. கிருஷ்ணகிரிக்கு அதுவும் இல்லை.

1951-இல் இந்தியாவின் சரக்குப் போக்குவரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ரயிலில் போனது. இன்று மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி கிட்டத்தட்ட எல்லாம் சாலையில், டீசலில் போகிறது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது ஏற்படும் உராய்வு, தார்ச்சாலையில் ரப்பர்ச் சக்கரம் உருளும்போது ஏற்படுவதைவிடப் பல மடங்கு குறைவு என்பதை நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு டன் சுமையை ஒரு கிலோமீட்டர் நகர்த்த ரயிலுக்கு ஆகும் ஆற்றல் லாரிக்கு ஆவதில் ஒரு சிறு பகுதிதான். அதோடு நாட்டின் அகலப்பாதைகளில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இன்று மின்மயமாகிவிட்டன. அந்த மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. அதன் கேடுகள் எனக்குத் தெரியும். ஆனால் காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக்கூட அதே தண்டவாளத்தில் அதே வண்டி அவற்றைக் கொண்டே ஓடும். எந்த இளவரசரையும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

கிருஷ்ணகிரி மாங்கூழை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரா மாம்பழத்தைக் கூழாக்கி, பீப்பாய்களில் அடைத்து, லாரியில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்புகிறோம். அதில் பெரும்பங்கு போவது அரபு நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும். 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் ஏமன் நாட்டு ஆயுதக் குழுவான ஹூதிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோது, ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. கப்பல் கூலி ஏறியது. இங்கே மாந்தோப்பு வைத்திருப்பவருக்கும் அந்தக் கடலுக்கும் உள்ள உறவு இது. நம் பழத்தைத் துறைமுகம் வரை கொண்டுபோகும் வழியும் கடல் கடந்து வரும் எண்ணெயையே நம்பியிருக்கிறது. இருபுறமும் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

மொரப்பூர்–தருமபுரி 36 கிலோமீட்டர் புதிய பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். 36 கிலோமீட்டர்! 1906-இல் போட முடிந்த அதே வழி. நிலம் எடுப்பதிலேயே ஆண்டுகள் ஓடின. நான் இதை எழுதும் நாள் வரை அதில் வண்டி ஓடவில்லை. ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பாதை வேண்டும் என்ற கோரிக்கைக்கு என் வயது இருக்கும். ஒவ்வொரு தேர்தலிலும் அதைக் கேட்டிருக்கிறேன். எண்ணெய்க்கு மாற்று என்று நாம் புதிய கண்டுபிடிப்புகளையே தேடிக்கொண்டிருக்கிறோம். என் பாட்டி இருபது வயதில் ஏறி உட்கார்ந்த ஒன்றை யாரும் மாற்று என்று நினைப்பதே இல்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியை மறந்துவிடவில்லை. ஆதரித்தே பேசுங்கள், ஆனால் ‘வளர்க்கிறது’ என்ற சொல்லை எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுப் பேசுங்கள். நார்வேயை எதிரணி சொல்வதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். அங்கே எண்ணெய் வருவதற்கு முன்பே கேள்வி கேட்கும் மக்களும் பதில் சொல்லும் அரசும் இருந்தன. சொற்போருக்கு முன்பு ஒரு நாள் காலை ஆறு மணிக்குக் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி அருகே ஒரு குறிப்பேட்டோடு போய் நில்லுங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை லாரி போகிறது, அதில் ரயிலில் போயிருக்கக்கூடிய சரக்கு எவ்வளவு என்று எண்ணி எழுதுங்கள். அந்த எண்ணோடு உரையைத் தொடங்குங்கள். எனக்கும் அதை எழுதி அனுப்புங்கள். தேர்வு முடிந்ததும் மொரப்பூருக்கு வாருங்கள். சின்ன ரயில் போன பாதையில் எங்கெங்கே இன்னும் மேடு மிஞ்சியிருக்கிறது என்று பாட்டி எனக்குக் காட்டிய இடங்களை நடந்தே பார்த்து வரலாம்.