கப்பலில் எதை ஏற்றலாம், எதை ஊரில் விடலாம்? நெல்லை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

வெளிநாட்டில் குடியேறப் போகிறவர்கள் வீட்டுச் சாமான் பற்றிக் கேட்ட கேள்விகளில், பலருக்கும் உதவக்கூடிய சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சாமானின் விலையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அது எவ்வளவு இடத்தை அடைக்கும், போகிற ஊரில் உழைக்குமா, அங்கே வாங்கக் கிடைக்குமா என்று பாருங்கள்.

அண்ணாச்சி, குடும்பத்தோடு மெல்பர்ன் போகிறோம். அப்பா செய்துகொடுத்த தேக்குக் கட்டில், ஊஞ்சல், பத்தமடைப் பாய் மூன்றையும் கொண்டுபோக ஆசை. சரியா வருமா?
(வாசகி, பாளையங்கோட்டை)

கட்டிலை விட்டுவிடுங்கள், தங்கச்சி. அடுத்தவர் சரக்கோடு சேர்த்துக் கப்பலில் அனுப்பும்போது பெரும்பாலும் கன மீட்டர் கணக்கில்தான் கூலி. 20 அடி கன்டெய்னரின் மொத்தக் கொள்ளளவே சுமார் 33 கன மீட்டர். கட்டில் அதில் நல்ல பங்கைத் தின்றுவிடும். போய்ச் சேர்ந்தாலும் மெத்தை பொருந்தாது. நம் ஊர்க் கட்டில்கள் பெரும்பாலும் 78 அங்குல நீளம், அதாவது 198 செ.மீ. ஆஸ்திரேலியாவில் கடையில் விற்கும் பெரிய மெத்தைகள் 203 செ.மீ.

ஊஞ்சலைத் தாராளமாகக் கொண்டுபோகலாம். பலகை தட்டையாகக் கிடக்கும், சங்கிலி சின்னப் பெட்டியில் அடங்கும். ஆனால் வாடகை வீட்டில் கூரையில் கொக்கி மாட்ட விடமாட்டார்கள், அந்த ஜிப்சம் கூரை தாங்கவும் தாங்காது. தரையில் நிற்கும் இரும்பு ஸ்டாண்டு ஒன்றுக்கு இப்போதே யோசித்து வையுங்கள்.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை. பலகையின் அடியில் கறுப்புச் சார்ட் பேப்பரை விரித்து இரவு முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் மாவு மாதிரி தூள் உதிர்ந்திருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. வைரம் பாய்ந்த தேக்கில் அது ஏறாது, ஓரத்தில் வெளுத்துத் தெரிகிற பகுதியில்தான் துளை போடும். குண்டூசித் தலை அளவுத் துளைகள் தெரிகின்றனவா என்று டார்ச் அடித்தும் பாருங்கள். இருந்தால் இங்கேயே மருந்துப் புகை போட்டுச் சான்று வாங்கிவிடுங்கள். அங்கே பிடிபட்டால் சிகிச்சைச் செலவு உங்கள் தலையில் விழும். சில சமயம் சாமானையே அழித்துவிடுவார்கள்.

பாயும் பனை ஓலைப் பெட்டியும் மண், விதை, பூச்சி இல்லாமல் நன்றாக வெயிலில் காய்ந்திருக்க வேண்டும். பட்டியலில் மறக்காமல் எழுதுங்கள். எழுதாமல் மறைத்தால்தான் வம்பு.

இன்னொன்று. 12 மாதமாவது சொந்தமாக வைத்துப் பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்குத்தான் ஆஸ்திரேலியாவில் வரி விலக்கு. அமெரிக்காவில் ஓராண்டு, பிரிட்டனில் ஆறு மாதம். கிளம்பப் போகிறோமே என்று புதுச் சாமான் வாங்கி அடுக்குவது இரட்டைச் செலவு.

நியூ ஜெர்சி போகிறேன். கிரைண்டர், மிக்ஸி, குக்கர் எல்லாம் எடுத்துக்கொள்ளலாமா?
(வாசகர், வண்ணார்பேட்டை)

மிக்ஸி வேண்டாம், தம்பி. நம் வீட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். 750 வாட் மிக்ஸி ஓட கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை மேடையில் வைத்துக்கொண்டு தினமும் மல்லுக்கட்ட வேண்டும். கிரைண்டரின் கதை வேறு. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் ஏற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. கிரைண்டர் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது என்பதால் அது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றும், மாவு சூடாகும். அமெரிக்காவுக்கென்றே 110 வோல்ட் கிரைண்டர் விற்கிறார்கள். அதைத்தான் வாங்க வேண்டும். சிங்கப்பூர், லண்டன், சிட்னி போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பிளக்கை மாற்றினால் போதும்.

குக்கர், தோசைக்கல், சட்டி எல்லாவற்றிலும் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை அடியில் வைத்துப் பாருங்கள். கெட்டியாக ஒட்டினால்தான் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகும். வெறும் அலுமினியக் குக்கர் அந்த அடுப்புக்கு உதவாது. குழிப்பணியாரக் கல், முறுக்குக் குழல், புட்டுக்குழல், இட்லித் தட்டு, தேங்காய் துருவும் அரிவாள்மணை ஆகியவற்றைக் கட்டாயம் வையுங்கள். இடமே அடைக்காது, அங்கே தேடி அலைய வேண்டியும் வராது. அரிவாள்மணை கைப்பையில் போகாது, பெரிய பெட்டியில் வையுங்கள். அரிசி மூட்டை கட்ட வேண்டாம். ஒரு வகைத் தானிய வண்டைக் காரணம் காட்டி, இந்தியாவிலிருந்து பயணிகள் கொண்டுவரும் அரிசியை அமெரிக்கா அனுமதிப்பதில்லை.

ஆச்சி காலத்துக் குத்துவிளக்கு, வெண்கல உருளி, ஈயச்சொம்பு, கொஞ்சம் ஏட்டுச்சுவடி இருக்கிறது. மகனோடு லண்டன் போகிறேன். கொண்டுபோகலாமா?
(வாசகி, அம்பாசமுத்திரம்)

அம்மா, முதலில் வயதைப் பாருங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள சுவடிகளுக்கு 75 ஆண்டே எல்லை. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை.

சுவடியை ஊரில் விட்டுவிடுங்கள். ஒவ்வோர் ஏட்டையும் இரண்டு பக்கமும் தெளிவாகப் படமெடுத்து மகனிடம் கொடுங்கள். அசலை நம்பிக்கையான உறவினர் வீட்டில் வைக்கலாம், அல்லது சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தைக் கேட்டுப் பார்க்கலாம். விளக்கின் வயது சந்தேகமாக இருந்தால் இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையிடம் காட்டி, தொல்பொருள் இல்லை என்ற சான்று வாங்கிய பிறகே பெட்டியில் வையுங்கள். ஆச்சியின் கல்யாணச் சீராக வந்தது என்றால் நூறு தாண்டியிருக்க வாய்ப்பு உண்டு, அலட்சியம் வேண்டாம்.

உருளி பழசாக இல்லையென்றால் பரவாயில்லை. ஈயச்சொம்பை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் மின் அடுப்பில் நேரடியாக வைக்காதீர்கள். அது வெள்ளீயத்தில் செய்தது, 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ரசத்தை ஸ்டீல் பாத்திரத்தில் வைத்து, இறக்கியதும் அதில் ஊற்றிக்கொள்ளலாம்.

துபாயில் இருக்கும் வீட்டுக்காரரிடம் பிள்ளைகளோடு போகிறேன். என்ன அனுப்ப வேண்டும்?
(வாசகி, மேலப்பாளையம்)

கப்பலில் எதுவும் வேண்டாம். நம் ஊர்ச் சாமான் அத்தனையும் அங்கே கடையில் இருக்கிறது. மசாலாப் பெட்டியைக் கிளறிக் கசகசாவை மட்டும் எடுத்துவிடுங்கள். அங்கே அது போதைப்பொருள் கணக்கில் வரும், சிறு பொட்டலத்துக்கும் கைதாகலாம். குருமாப் பொடியில் கலந்திருந்தாலும் வேண்டாம். தூக்க மருந்து, வலுவான வலி மருந்து இருந்தால் அந்நாட்டு முன்அனுமதி வாங்குங்கள்.

தூத்துக்குடி பக்கத்தில்தானே இருக்கிறது, கப்பல் லாபமா, விமானம் லாபமா? நாங்களே பெட்டி கட்டலாமா?
(வாசகர், வள்ளியூர்)

கூரியரில் நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். அசல் எடை, இந்தக் கணக்கு இரண்டில் எது பெரிதோ அதற்குக் காசு. 60, 45, 45 செ.மீ. பெட்டியில் தலையணை அடைத்தால் எடை 5 கிலோகூட வராது, ஆனால் 24 கிலோவுக்கு மேல் கட்ட வேண்டும். அதே பெட்டியில் எட்டு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கன மீட்டர். அந்த அளவு வந்தால் கப்பலை யோசியுங்கள். மூன்று, நான்கு பெட்டிதான் என்றால் விமான டிக்கெட்டோடு கூடுதல் லக்கேஜ் வாங்குவது பல சமயம் மலிவு.

தூத்துக்குடியிலிருந்து போகும் கன்டெய்னர்கள் பெரும்பாலும் கொழும்பில் இறங்கி வேறு கப்பலுக்கு மாறும். வீட்டுக்கு வந்து சேர இரண்டு, மூன்று மாதம் ஆகலாம். அதனால் முதல் மூன்று மாதத்துக்கு வேண்டியதைக் கையோடு கொண்டுபோங்கள்.

துணி, புத்தகத்தை நீங்களே கட்டலாம். கண்ணாடி, பீங்கானைப் பேக்கர்கள்தான் கட்ட வேண்டும். நாமே கட்டிய பெட்டியில் உடைந்த சாமானுக்குப் பெரும்பாலான காப்பீடுகள் பணம் தருவதில்லை. புத்தகத்தைச் சின்னப் பெட்டிகளில் பிரித்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்ட நேர்ந்தால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்துக் கட்டி, ஒவ்வொரு பெட்டியிலும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள்.

கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் விசா (பி.ஆர்.) கிடைத்திருக்கிறது. நாங்கள் முதலில் போகிறோம், சாமான் அப்புறம் வரும். ஏதாவது சிக்கல் உண்டா?
(வாசகர், பேட்டை)

பின்னால் வரப்போகும் சாமானின் பட்டியலை முதல் தடவை தரையிறங்கும்போதே கஸ்டம்ஸில் காட்டி முத்திரை வாங்கிவிட வேண்டும். அதில் இல்லாத சாமான் பிறகு வந்தால் வரி விலக்குச் சிக்கலாகிவிடும். பெயர், மதிப்பு, சாமானில் இருக்கும் சீரியல் நம்பர் வரை எழுதுங்கள். நகையைக் கப்பலில் போடவே வேண்டாம். கையோடு கொண்டுபோங்கள், படமும் மதிப்பீட்டுச் சான்றும் இருக்கட்டும். இங்கே கிளம்பும்போது விமான நிலையக் கஸ்டம்ஸில் ஏற்றுமதிச் சான்றும் வாங்குங்கள். லீவில் ஊருக்கு அதே நகையோடு வரும்போது வரி கேட்க மாட்டார்கள். படிப்புச் சான்று, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை ஆகியவையும் கைப்பையில்தான் போக வேண்டும்.