கப்போர்டு என்று எழுதி, கபட் என்று சொல்கிறார்கள்

தம்பி, இங்கிலாந்தில் நீங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டின் உரிமையாளர் அம்மா, 'போர்வையெல்லாம் ஏரிங் கபட்டில் இருக்கிறது' என்றாராம். அது என்ன, எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள்.

எழுத்தில் கப், போர்டு என்று இரண்டு சொல் தெரிவதால் நாம் கப்-போர்-டு என்று மூன்று அசையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே இரண்டே அசைதான்: க-பட். நடுவில் வரும் பகரம் 'அன்பு' என்பதில் ஒலிப்பது போல மெத்தென்று ஒலிக்கும். அழுத்தம் முழுக்க 'க'வில். 'பட்' பாதி விழுங்கியது போல வரும். கடைசியில் நாம் சேர்க்கும் உகரத்தை விட்டுவிடுங்கள். ஏ-ரிங் இன்னும் இரண்டு அசை. சேர்த்துச் சொல்லும்போது 'ஏ'தான் ஓங்கி நிற்கும்.

இந்த அழுத்தத்தைச் சின்ன விஷயமென்று நினைக்காதீர்கள். கிரீன் ஹவுஸ் என்பதில் 'கிரீன்' ஓங்கினால் செடி வளர்க்கும் கண்ணாடிக் குடில். 'ஹவுஸ்' ஓங்கினால் வெறும் பச்சை வீடு. தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது. அதனால் நம் காது அதைக் கவனிப்பதே இல்லை.

பொருளுக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் கோப்பைகளை அடுக்கிவைத்த மேசைக்குத்தான் கப்போர்டு என்று பெயர். இப்போது கதவு வைத்த அலமாரி எதுவானாலும் கபட். ஏரிங் என்றால் துவைத்த துணியில் மிச்சமிருக்கும் ஈரத்தைப் போக்குவது. சுடுதண்ணீர்த் தொட்டி நிற்கும் சின்ன அறையில், இடைவெளி விட்ட மரச்சட்டங்களால் தட்டு அடித்திருப்பார்கள். தொட்டியிலிருந்து கசியும் வெதுவெதுப்பில் துணி உலரும்.

சொட்டச் சொட்ட நனைந்த துணியை அதில் வைக்காதீர்கள். முக்கால்வாசி காய்ந்த பிறகு, நெருக்கி அடுக்காமல் வையுங்கள். என் முதல் குளிர்காலத்தில் எல்லாத் துணியையும் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேலேயே போட்டேன். ஜன்னலோரச் சுவரெல்லாம் கரும்பூஞ்சை பிடித்துவிட்டது. அதை இருமிக்கொண்டே தேய்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

குழாயைத் திறந்ததும் அப்போதைக்கப்போது தண்ணீரைச் சூடாக்கித் தரும் காம்பி பாய்லர் உள்ள வீடுகளில் தொட்டியே கிடையாது. அங்கே இந்தப் பெயர் மிஞ்சியிருந்தாலும் பெரும்பாலும் உள்ளே வெறும் தட்டுதான், சூடு இருக்காது. உங்கள் வீட்டில் தொட்டி இருந்தால், அதற்குள் இருக்கும் மின்சாரச் சூடேற்றியைப் போடும் இம்மர்ஷன் சுவிட்ச் எங்கே என்று அந்த அம்மாவிடம் இன்றே கேட்டுவையுங்கள். பாய்லர் பழுதாகும் நாளில் அதைப் போட்டுத்தான் குளிக்கத் தண்ணீர் சூடாக்க வேண்டியிருக்கும்.